நிறம் மங்கவில்லை

எஸ்டேட் லயம்,
போடிமெட்டு தாண்டி.
9.7.2024

அன்புள்ள தேவி அக்காவுக்கு,

மலையிலிருந்து உன் தங்கை கற்பகம். சிலமலையில் நீயும் மாமாவும் நிலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அவரும் முனீசும் நன்றாக இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதம் என்று கேட்பாய். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேலே இருக்கிற வளைவில் போய் நின்றால்தான் டவர் கிடைக்கும். போனும் அவர் சட்டைப்பையில்தான் கிடக்கும். ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் குனிந்து பேச வேண்டும். அதனால் பால்ராஜ் அண்ணன் ஜீப்பில் உங்கள் ஊரிலிருந்து தினமும் காய் எடுக்க வருகிற அன்னக்கொடி மதினியிடம் கொடுத்து அனுப்புகிறேன். சோத்துப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பயமில்லை.

மழை பிடித்துவிட்டது. முதல் எடுப்பும் தொடங்கியாயிற்று. போடி காய்க்கடையில் நீ முறத்தில் போட்டு ரகம் பிரிப்பது காய்ந்த ஏலக்காய். பச்சைக் காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குத்தவைத்தே நகர்ந்து நகர்ந்து எடுக்கிறோம். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டாலும் மேலே பெய்கிற மழைக்குத்தான் அது காவல். கீழேயிருந்து ஏறுகிற ஈரத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருக்கும் ஸ்டோரில் சோலி தொடங்கிவிட்டது. எடுத்த காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடுப்புக் குழாயின் சூட்டில் பச்சை நிறம் போகாமல் உலர்த்திக் கொடுப்பது அவர் பொறுப்பு. இந்த வருஷமும் கலர் நன்றாக வர வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு சின்ன உதவி அக்கா. உன்னிடம் பழைய நூல் சேலை இருந்தால் கொடுத்துவிடு. இரண்டு மூன்று இருந்தாலும் சரி. நைலக்ஸ் வேண்டாம். அப்படியே கொஞ்சம் வெந்தயமும். உடம்பு கொஞ்சம் சூடாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
கற்பகம்


சிலமலை
15.7.2024

கற்பகத்துக்கு அக்கா தேவி எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போட்டுக்கொள்கிறோம். அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். நிலா பத்தாம் வகுப்புப் பாடத்தைக் கண்ணாடி முன்னால் நின்று படிக்கிறாள். உன் மாமா மொக்கச்சாமி சோளம் காய்கிறது என்று வானத்தைத் திட்டுகிறார். உங்கள் மழையில் கொஞ்சத்தை மெட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டால்தான் என்ன.

சேலை மூன்று வைத்திருக்கிறேன். வெந்தயமும் இருக்கிறது. மாசியில் வந்தபோதுதானே இரண்டு சேலையைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு போனாய், அதற்குள் என்ன ஆயிற்று உனக்கு? மென்று முழுங்காமல் சொல். உடம்பு சூடு என்று நம் ஊர்ப் பெண்கள் எதைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா. கடையில் என்னோடு உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பு சூடுதான். அங்கே கக்கூஸ் கிடையாது, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் நடக்க வேண்டும். அதனால் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. எரிச்சலில் துடித்தாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். "இளநி குடிச்சாச் சரியாப் போகும்"பார்கள். இளநீர் என்ன பாவம் செய்தது, எல்லாப் பழியையும் சுமக்க.

நேராகவே கேட்கிறேன். வெள்ளைப்படுகிறதா? அரிப்பு இருக்கிறதா? வாடை வருகிறதா? முனீசுக்கு அடுத்தது பெண் பிறந்தால் முத்துப்பிரியா என்று பேர் வைக்கப்போகிறேன் என்று பேரெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாயே, அந்தப் பிள்ளை தங்குகிற இடத்தை இப்படியா போட்டுவைப்பது.

பதிலை வெரசாகக் கொடுத்துவிடு. அன்னக்கொடியிடம் முறுக்கு தந்திருக்கிறேன், அது முனீசுக்கு. உன் வீட்டுக்காரருக்கு இல்லை.

தேவி


எஸ்டேட் லயம்
25.7.2024

அன்புள்ள அக்காவுக்குக் கற்பகம் எழுதுவது. நீங்கள் மூவரும் எப்போதும் போல் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள். முறுக்கு வந்தது. முனீசு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

நீ கேட்ட மூன்றுக்கும் ஆமாம்.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் யாரிடம் சொல்வது. சித்திரையிலிருந்து இருக்கிறது. முதலில் தயிர்த் தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது மஞ்சளும் பச்சையுமாக, நுரையாக வருகிறது. ஒன்றுக்குப் போனால் மிளகாய் பட்டது போல எரிகிறது. வாடை எனக்கே பொறுக்கவில்லை. காய் எடுக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து குத்தவைத்தால் நான் தள்ளிப் போய்விடுகிறேன். இவளுக்கு ராங்கி வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

துணி காயமாட்டேன் என்கிறது. வெயில் என்பதையே மறந்துவிட்டோம். லயத்தில் ஒரே அறை. ஆம்பிளை கண்ணில் படக்கூடாது என்று கொடியில் பாவாடைக்கு அடியில் போட்டு, அதற்கு மேலே ஒரு துண்டையும் போட்டு மூடுகிறோம். எத்தனை நாள் கிடந்தாலும் தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். அதைத்தான் மறுபடி எடுத்து வைத்துக்கொள்கிறோம். கடையில் விற்கிற பேடு ஒரு தடவை வாங்கினேன். புதைத்ததை நாய் தோண்டி இழுத்து வந்து வாசலில் போட்டுவிட்டது. லயமே சிரித்தது.

இந்த மலையில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஸ்டோர். உள்ளே போனால் மழைக்காலத்திலும் வேர்க்கும். ஆனால் தீட்டு வருகிற வயதுப் பெண்கள் அதன் வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் காய் வெளுத்துவிடுமாம். தீட்டு நின்றுபோன பெண்கள் மட்டும் போகலாம். என் நாத்தனார் ஜக்கம்மாள்தான் உள்ளே தட்டுகளில் காயைப் புரட்டிவிடுகிறாள். நான் ஸ்டோர்காரர் பெண்டாட்டி என்பதால் எனக்குக் கெடுபிடி இன்னும் கூடுதல். போன வருஷம் ஒரு லோடு காய் வெளுத்துப்போனது. விறகு ஈரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜக்கம்மாள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறார். குடித்துவிட்டு வருகிற அன்று மட்டும் திரும்புவதில்லை.

நம் ஆத்தா இதற்கு என்ன செய்தாள் என்று உனக்கு நினைவிருந்தால் எழுது. மாமாவிடம் சொல்லாதே. நிலா படித்துவிடாமல் இந்தக் காகிதத்தை அடுப்பில் போடு.

கற்பகம்


சிலமலை
29.7.2024

கற்பகம்,

சுகம் விசாரிக்க இது நேரம் இல்லை. அடுத்த முறை சேர்த்து விசாரித்துக்கொள்கிறேன்.

ஆத்தா என்ன செய்தாள் என்று கேட்டாய். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அந்த வைத்தியம் உனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குப் போன் போடுவேன். தேவிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, கற்பகத்தை இரண்டு நாள் அனுப்புங்கள் என்று நானே முனகிக்கொண்டு சொல்வேன். ஸ்பீக்கரில் கேட்டதும் நீ கண்ணைக் கசக்க வேண்டும். அதிகமாகக் கசக்கி அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே. போடி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். அதட்டுவார், ஆனால் முழுசாகக் கேட்பார். அதுவரை வெந்தயத்தை நம்பாதே. குழம்பில் போடு.

தேவி


சிலமலை
14.8.2024

அன்புள்ள கற்பகத்துக்கு அக்கா எழுதுவது. மெட்டு ஏறும்போது வாந்தி எடுத்ததாக அன்னக்கொடி சொன்னாள், இப்போது தேவலையா? என் காய்ச்சலை மாப்பிள்ளை விசாரித்தால், ஒரு ஊசியில் இறங்கிவிட்டது என்று சொல்.

டாக்டர் பேசும்போது நீ தரையையே பார்த்துக்கொண்டு இருந்தாய். பாதி காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். இது சூடு இல்லை. எலும்பு உருகி வருவதும் இல்லை. நீ நடத்தை கெட்டதால் வந்ததும் இல்லை. கிருமி. அது அவர் உடம்பிலும் இருக்கும், ஆனால் ஆம்பிளைக்கு ஒன்றும் காட்டாது. உனக்குத் தந்த மாத்திரையை நீ முழுசாகச் சாப்பிட வேண்டும். அவருக்குத் தந்ததை அவர் சாப்பிட வேண்டும். அவர் சாப்பிடாவிட்டால் நீ சாப்பிட்டதும் வீண், திரும்பத் திரும்ப வரும். மாத்திரை எடுக்கிற நாட்களில் அவர் சாராயத்தைத் தொடக் கூடாது, குடலைப் புரட்டிவிடும். முடிகிற வரை தனித்தனியாகப் படுக்க வேண்டும். உள்ளே சோப்பு, டெட்டால் எதையும் விட்டுக் கழுவாதே. தண்ணீர் போதும். ஈரப் பாவாடையை வீட்டுக்கு வந்ததும் மாற்று. துணியை வெயிலில் காயப்போடு என்று டாக்டர் சொன்னார். வெயில் எங்கே இருக்கிறது டாக்டர் என்று நீ கேட்டாயே. அந்த ஒரு கேள்விக்காகவே உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"ஒண்ணும் பயமில்ல, மாத்திரையிலேயே போயிரும். அடுத்த பிள்ளைய நல்லபடியாப் பெத்துக்கலாம்" என்று கடைசியில் அவர் சொன்னபோதுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். பஸ் ஸ்டாண்டு வரை முத்துப்பிரியாவுக்குச் சட்டை துணி என்று பேசிக்கொண்டே வந்தாய். வெகுநாள் கழித்து உன் பேச்சைக் கேட்டேன்.

மாத்திரையை அவரிடம் எப்படிக் கொடுத்தாய் என்று எழுது.

தேவி


எஸ்டேட் லயம்
5.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஓணம் வருகிறது என்று முதலாளி வீட்டில் ஒரே சோலி. லயத்தில் எல்லோருக்கும் வேட்டி சேலை கொடுப்பார்களாம். முனீசு மலையாளம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான், தண்ணீர் என்று சொல்வதே இல்லை, "வெள்ளம் தா" என்கிறான். நீ கேட்டால் சிரிப்பாய்.

என் மாத்திரை முழுவதும் சாப்பிட்டுவிட்டேன். வாடை நின்றுவிட்டது, எரிச்சலும் இல்லை. பக்கத்து ஆட்களோடு சேர்ந்து உட்கார்ந்து காய் எடுக்கிறேன். அவருக்கும் கொடுத்தேன்.

இரண்டாம் எடுப்பு நடக்கிறது. கலர் நன்றாக வந்திருக்கிறது. யானை இறங்கி அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் செடியை மிதித்துவிட்டதாம். நிலாவுக்குப் பரீட்சை எப்போது? மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மற்றவை பிறகு.

கற்பகம்


சிலமலை
10.9.2024

கற்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யானையையும் ஓணத்தையும் பற்றித் தெரிந்துகொண்டேன். உன் மாமாவுக்கு முழங்காலில் ஒரு நாளும் வலி வந்ததில்லை. உனக்கு எழுத வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் புரிகிறது.

கொடுத்தேன் என்கிறாய். சரி. சாப்பிட்டாரா?

தேவி


சிலமலை
14.10.2024

கற்பகத்துக்கு அக்கா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய்? இதைச் சடங்குக்குக் கேட்கவில்லை.

பதில் இல்லை. அன்னக்கொடியிடம் தினமும் ஜீப்படிக்குப் போய்க் கை நீட்டுகிறேன், அவளுக்கே என்னைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது போல. நேற்று அவள் சொன்னாள்: "ஒரு வாரமா காயெடுக்க வரல தேவி. பைப்படியில ஒருக்கா பாத்தேன். கால அகட்டி அகட்டி நடக்குறா. என்னன்னு கேட்டா, வழுக்கி விழுந்துட்டேன்னா."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா, மழையில இறங்கி வர முடியாது" என்றார். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். டவர் போய்விட்டது. அந்த டவருக்கு எப்போது போக வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுபடி வந்துவிட்டதா? வந்தால் என்ன, மறுபடி டாக்டரிடம் போவோம். அவர் ஒன்றும் உன்னை அடித்துவிடப் போவதில்லை. ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் வெறும் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிடு, நான் ஜீப்பில் ஏறி வந்துவிடுகிறேன்.

தேவி


எஸ்டேட் லயம்
28.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நான் உட்கார்ந்து எழுதுகிற அளவுக்கு ஆகிவிட்டேன். கோபத்தை முழுவதும் படித்த பிறகு வைத்துக்கொள். அன்னக்கொடி மதினியைத் திட்டாதே, உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன்.

அவர் மாத்திரையைச் சாப்பிடவில்லை. "நோயி ஒனக்கு, மாத்திர எனக்கா? எவளோ டாக்டரு சொன்னான்னு என்னயும் நோயாளியாக்கப் பாக்குறியா" என்றார். குடிக்கக் கூடாது என்று சொன்னதற்குத்தான் கோபம் அதிகம். மழைக்காலத்தில் ஸ்டோரில் நிற்கிறவன் குடிக்காமல் எப்படி இருப்பது என்று கேட்டார். மாத்திரை ஸ்டோர் அடுப்பில் போயிற்று. உனக்கு எழுதினால் நீ ஜீப்பில் ஏறி வந்து சண்டை போடுவாய், அந்தச் சண்டையை நீ போன பிறகும் நான்தான் நடத்த வேண்டும். அதனால் யானையைப் பற்றி எழுதினேன்.

புரட்டாசியில் மறுபடி வந்துவிட்டது. முன்னைவிட மோசம்.

அப்போது ஒரு வாரம் மழை விட்டிருந்தது. அழுகல் விழுந்த செடிகளுக்குத் துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடித்தார்கள். நீல நிறத்தில் கட்டி கட்டியாக இருக்குமே, அந்தத் துருசு. அழுகி வாடை வீசிய செடியெல்லாம் கொஞ்ச நாளில் நின்று தெளிந்துவிட்டது. மிச்சத் துருசு ஸ்டோருக்கு வெளியே சாக்கில் கிடந்தது. செடிக்கு நிற்கிறது எனக்கு நிற்காதா என்று நினைத்தேன். ஒரு துண்டை எடுத்து வந்து வெந்நீரில் கரைத்துக் கழுவினேன். உள்ளேயும். நீ என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே அக்கா. இந்த மலையில் அழுகலுக்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

அன்றைக்கே வெந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் ஜக்கம்மாளுக்குத் தெரிந்தது. அவளும் அவரும் ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். போடி வழியாகத்தான் போனோம். உன் காய்க்கடைத் தெருவைத் தாண்டும்போது நினைவு இருந்தது. நிறுத்தச் சொன்னேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. தேனிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. "உள்ள பூரா புண்ணாக் கெடக்கு. விட்டா நாளைக்கு புத்துநோய்ல கொண்டுபோய் விட்டுரும். அதான் ஒரு பிள்ள இருக்குல்ல, கர்ப்பப்பைய எடுத்துருவோம். காப்பீட்டு அட்டையிலயே ஆயிரும்" என்றார் அந்த டாக்டர். புண் ஆறுவதற்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். என்னையும் கேட்டார்கள். எரிச்சல் நின்றால் போதும் என்றேன்.

எடுத்துவிட்டார்கள் அக்கா.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பெட்டியில் அந்தப் பூப்போட்ட துணி கையில் பட்டது. லேடி டாக்டரிடம் போன அன்று முத்துப்பிரியாவுக்கு என்று போடியில் நீ வாங்கிக் கொடுத்தாயே, அது. அதைத் திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தேன். பிறகு நிலா கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

வராதே. நான் எழுதும்போது வா.

கற்பகம்


சிலமலை
10.12.2024

கற்பகம்,

நீ வராதே என்றால் நான் வராமல் இருப்பேனா. வந்தேன், பார்த்தேன். ஆனால் ஜக்கம்மாள் எழுந்து போனால்தானே பேசுவதற்கு. நான் வந்து போகிற வரை உன் காலடியிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் அங்கே கேட்க முடியாததை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வாசலில் நின்று, "உங்க தங்கச்சி உசுரு பிழைச்சதே பெருசு, எல்லாம் நான் பாத்துக்கிட்டதாலதான்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன். ஏதாவது சொல்லியிருந்தால், நான் போன பிறகு அவர் அடித்து உன் தையல் பிரிந்திருக்கும். கீழே இறங்குகிற வரை ஜீப் கம்பியை மாப்பிள்ளை கழுத்து மாதிரி நெரித்துக்கொண்டே வந்தேன். பால்ராஜ் அண்ணன் பயந்து போய் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

நம் லேடி டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "மாத்திரைக்குப் போயிருக்க வேண்டியதும்மா இது" என்றார். ஒரு ஆம்பிளை சில நாள் குடிக்காமல் இருந்து மாத்திரை முழுங்க மாட்டேன் என்றதற்கு, உன் வயிற்றைக் கிழித்திருக்கிறார்கள். இதை எந்த ஊரில் போய்ச் சொல்வது.

வீட்டுக்கு வந்ததும் நிலாவின் துணியை எடுத்து மாடியில் நடுக்கொடியில் வெயிலில் போட்டேன். மேலே ஒன்றும் போட்டு மூடவில்லை. உன் மாமா, "ஊரு பாக்கும்டி" என்றார். பார்க்கட்டும் என்றேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

முனீசைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. காய்க்கடையில் இடம் கேட்டு வைக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லாம் எடுத்தாயிற்றே, அந்தத் தொந்தரவாவது போயிற்றா?

தேவி


எஸ்டேட் லயம்
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். நிலா கோலம் போட்டாளா, இல்லை அதையும் கண்ணாடியில் பார்த்தாளா? இங்கே முனீசு கரும்பு தின்று வாயைப் புண்ணாக்கிக்கொண்டான். நான் நடக்கிறேன், சமைக்கிறேன். கனமான கூடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ கடைசியில் கேட்டதற்குப் பதில். போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் அவர் தள்ளியிருந்தார். பிறகு ஒரு நாள் குடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே அதே மஞ்சள், அதே நுரை, அதே வாடை. கர்ப்பப்பை போய்விட்டது, தொந்தரவு இருக்கிற இடத்தில் இருக்கிறது. என்னிடமிருந்து வேறு எதையோ எடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அழுதுகொண்டு படுக்கவில்லை நான். காலையில் எழுந்து, மாத்திரை தின்னாத மனுசன் இனி என் பாயில் படுக்கக் கூடாது என்று சொன்னேன். கையை ஓங்கினார். அடித்தால் தையல் பிரியும், மறுபடி ஜீப் பிடிக்க வேண்டும், முதலாளி காரணம் கேட்பார் என்றேன். கையை இறக்கிக்கொண்டார். மகாராஜன் என்று பேருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பேரை எழுதிவிட்டேன் அக்கா. கை ஒன்றும் கூசவில்லை.

காய்க்கடைக்கு வரச் சொல்கிறாய். வருவேன், ஆனால் இப்போது இல்லை. முனீசைக் கொடுக்கமாட்டேன் என்கிறார் அவர், அதை இங்கே இருந்துதான் வாங்க வேண்டும். அதைவிட இங்கே எனக்கு ஒரு சோலி கிடைத்திருக்கிறது.

ஜக்கம்மாளுக்குக் கால் வீங்கி நிற்க முடியவில்லை. ஸ்டோரில் காய் புரட்ட ஆள் வேண்டும். அவளே சொன்னாள்: "இனி இவளுக்கு என்ன தீட்டு? எந்நாளும் உள்ள போகலாம். கற்பகத்த விடு." அவரும் சரி என்றுவிட்டார். என்னைச் சுத்தமாக்கிவிட்டார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. காலையில் அவர் தூங்கப் போகிறார், நான் உள்ளே போகிறேன். இத்தனை வருஷமாக வெளியே நின்று பார்த்த கதவு. உள்ளே எவ்வளவு கதகதப்பு தெரியுமா. முதல் நாள் தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எனக்குத் துணி காயப்போட வேண்டிய தேவை போன பிறகுதான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

கடைசித் தட்டுக்குப் பின்னால் அடுப்புக் குழாய் வளைந்து போகிறது. அந்த இடுக்கில் குனிந்து பார்க்க எந்த ஆம்பிளைக்கும் வேலை இல்லை. அங்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். காலையில் அன்னக்கொடி மதினி சோத்துப் பைக்குள் துவைத்த துணியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இப்போது லயத்துப் பெண்களும் கொடுக்கிறார்கள். பையை வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. வாங்கும்போது கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் ஒருத்தி. கேட்டேன். "சூடா இருக்குல்ல" என்றாள். வயதுக்கு வந்த நாளிலிருந்து காய்ந்த துணி கட்டியதே இல்லையாம் அவள்.

அன்னக்கொடி மதினிக்கும் அந்தத் தொந்தரவு இருந்திருக்கிறது அக்கா. நம் காகிதத்தையெல்லாம் சுமந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் கீழே வரும்போது அவளும் வருவாள். லேடி டாக்டரிடம் போக வேண்டும். இந்தத் தடவை அவருக்கு என்று மாத்திரை வாங்க வேண்டாம். இனி என் பக்கத்தில் யாரும் படுக்கப்போவதில்லை.

போன வாரம் முதலாளி வந்தார். நான் வந்த பிறகு உலர்த்திய லோடுதான் போடி ஏலத்தில் முதல் ரகமாகப் போயிற்றாம். உன் முறத்துக்குக்கூட வந்திருக்கலாம், பார்த்திருப்பாய், பச்சை அப்படியே நிற்கும். ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, எப்படிப்பா இந்த வருஷம் இப்படி ஒரு கலர் என்று கேட்டார். இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "வீட்ல தீட்டு நின்னு போச்சுல்ல மொதலாளி, அதான் காயி நிக்குது" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால், அந்தக் குழாய் இடுக்கில், கயிறு நிறையத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. நான் காயைப் புரட்டிக்கொண்டு இருந்தேன்.

மாமாவுக்கும் நிலாவுக்கும் என் அன்பைச் சொல். பழைய நூல் சேலை இருந்தால் கிழித்துக் கொடுத்துவிடு அக்கா. நிறைய வேண்டும். எனக்கு இல்லை.

கற்பகம்